போல்ட்டைச் சுற்றிப் பச்சை

பிப்ரவரி 6

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

என் முழங்காலையும் வண்டியையும் தவிர இங்கே எல்லாம் நலம். நீங்கள் வேளாவேளைக்குச் சாப்பிடுகிறீர்களா?

மேலே எழுதியிருக்கிற சொல்லைப் பார்த்துவிட்டுக் கடிதத்தை மடித்து வைத்துவிடாதீர்கள். போன மாதம் விவாகரத்துத் தீர்ப்பு நகல் வந்தது. உங்களுக்கும் பாப்பாவுக்கும் இனி ஒன்றுமில்லை என்று பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார்கள். என்னைப் பற்றி அதில் ஒரு வரி கிடையாது. "அப்போ நான் அவரை எப்படிடி கூப்பிடறது?" என்று பாப்பாவிடமே கேட்டேன். "கூப்பிடாம இருந்தா பிரச்சினையே இல்லையேம்மா" என்றாள். முப்பத்திரண்டு வயதிலும் அவளைப் பாப்பா என்றே கூப்பிடுகிற வாய் இது. உங்களை மட்டும் சட்டென்று மாற்றிக் கூப்பிடு என்றால் கேட்குமா? வேறு சொல் கிடைக்கும் வரை இதுவே இருக்கட்டும்.

விஷயத்துக்கு வருகிறேன். நர்சரிக்கென்று நீங்கள் வாங்கிக் கொடுத்த நாலு சக்கர பைக் மக்கர் பண்ணுகிறது. சாவியைத் திருப்பினால் விளக்கு எரிகிறது. ஸ்டார்ட்டர் பட்டனை அழுத்தினால் சீட்டுக்கு அடியில் 'டிக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். எஞ்சின் அசைவேனா என்கிறது. உதைத்துக் கிளப்பக் கிக்கர் இல்லை, இழுத்துக் கிளப்பக் கயிறும் இல்லை. நாற்றுத் தட்டுகளை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குத் தூக்கிப் போக என் கால் லாயக்கில்லை என்பது உங்களுக்கே தெரியும்.

முக்குக் கடை மெக்கானிக் வந்தார். ஸ்க்ரூடிரைவரை எங்கேயோ குறுக்கே வைத்தார், பொறி பறந்தது. "மோட்டார் காலிம்மா. வண்டியைக் கொண்டாந்து விட்டுடுங்க, மெதுவா பார்க்கலாம்" என்றார். அவர் மெதுவாகப் பார்க்கிற டிராக்டர் ஒன்று அவர் கடை வாசலில் டயரைச் சுற்றிப் புல் முளைத்து நிற்கிறது. யோசித்துச் சொல்கிறேன் என்று அனுப்பிவிட்டேன்.

போனில் கேட்டிருக்கலாம். போனில் நீங்கள் சொல்வது கையில் கிரீஸ் படுவதற்குள் எனக்கு மறந்துவிடும். எழுதினால் சீட்டின் மேல் விரித்து வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகச் செய்வேன். இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். உங்களுக்கு எழுத எனக்கு ஒரு காரணம் தேவைப்பட்டது. தீர்ப்போடு நீங்களும் எனக்கு இல்லாமல் போய்விடுவீர்களோ என்று பயமாக இருக்கிறது.

இப்படிக்கு,
அத்தை (இன்னும்)


பிப்ரவரி 15

அன்புள்ள அத்தைக்கு,

சாப்பாடு துறைமுகக் கான்டீனில். வேளாவேளைக்குக் கிடைக்கிறது. அதைச் சாப்பாடு என்று சொல்லலாமா என்பது வேறு விஷயம்.

எப்படிக் கூப்பிடுவது என்ற குழப்பம் எனக்கு இல்லை. அப்பா அம்மா இல்லாதவன், கூடப் பிறந்தவர்களும் இல்லை. எனக்கு இருக்கிற உறவே கொஞ்சம், அதில் ஒன்றை நானாகக் குறைத்துக்கொள்ள மாட்டேன். ஆனால் என்னால் உங்கள் மகளுக்குச் சங்கடம் என்றால் ஒரு வார்த்தை எழுதுங்கள். ஒதுங்கிக்கொள்கிறேன்.

மோட்டாரை யாரும் கழற்ற விடாதீர்கள். அந்த 'டிக்' ரிலே என்கிற சுவிட்சிலிருந்து வருகிறது. பட்டன் வேலை செய்கிறது, பிரேக் சுவிட்ச் வேலை செய்கிறது, ஃப்யூஸ் போகவில்லை என்று அதற்கு அர்த்தம். பிரேக் லீவரைப் பிடிக்காமல் பட்டனை அழுத்திப் பாருங்கள், 'டிக்' கூட வராது. ஆகவே சின்ன கரண்ட் போகும் வழி சரி. மோட்டாரைச் சுற்றப் பெரிய கரண்ட் வேண்டும், அது போகும் வழியில்தான் எங்கேயோ அடைபடுகிறது.

முதல் சந்தேகம் எப்போதும் பேட்டரி மேல். கறுப்பு வயரை முதலில் கழற்றுங்கள், பிறகு சிவப்பு. முனைகளில் வெள்ளையாகப் பொடி பூத்திருந்தால் சுடுதண்ணீர் விட்டுத் தேய்த்துத் துடையுங்கள். மாட்டும்போது சிவப்பு முதலில், கறுப்பு கடைசியில். கையால் ஆட்டினால் ஆடக் கூடாது. அப்புறம் ஷெட்டில் நான் விட்டுவந்த டூல் பெட்டியில் மஞ்சள் மீட்டர் இருக்கும். அதன் திருகை டி.சி. வோல்ட் இருபதில் வைத்து, பேட்டரியின் இரண்டு முனைகளிலும் பிடித்துப் பாருங்கள். சும்மா இருக்கும்போது எவ்வளவு, விளக்கு எரியும்போது எவ்வளவு, பட்டனை அழுத்தும்போது எவ்வளவு என்று எழுதுங்கள்.

ஒரு கேள்வி. சமீபத்தில் வண்டியில் யாராவது கை வைத்தார்களா? கழுவினது, வெல்டிங், எதுவாக இருந்தாலும் சொல்லுங்கள். டாக்டரிடம் மறைக்கிற மாதிரி மெக்கானிக்கிடம் மறைக்கக் கூடாது.

அன்புடன்,
மாப்பிள்ளை


பிப்ரவரி 24

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

டாக்டரிடம் மறைக்கலாம் என்கிறீர்களா? போகட்டும்.

பொடி பூத்திருந்தது, துடைத்தேன். சும்மா இருக்கும்போது 12.7. விளக்கோடு 12.5. பட்டனை அழுத்தினால் 12.4. எண்ணுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் பட்டனை அழுத்துகிற நேரம் விளக்கு மட்டும் மினுக்கட்டான்பூச்சி போல மங்கிவிடுகிறது. பேட்டரியைப் பார்த்தால் திடமாக இருக்கிறது, விளக்கைப் பார்த்தால் சாகக் கிடக்கிறது. எதை நம்புவது?

நான் மீட்டரோடு வண்டிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தபோது பாப்பா வந்துவிட்டாள். "என்னம்மா இது, வண்டிக்கு ஈசிஜியா?" என்றாள். சீட்டின் மேல் உங்கள் கடிதம் விரிந்து கிடந்தது. எழுத்தைப் பார்த்ததும் அவளுக்குத் தெரிந்துவிட்டது. "கோழி கிளறின மாதிரி. இன்னும் மாறலை" என்றாள். திட்டப் போகிறாள் என்று நினைத்தேன். டார்ச்சை எடுத்து எனக்கு வெளிச்சம் காட்டினாள். நடுவில் ஒரு தடவை, "அவர் இளைச்சுட்டாராமா?" என்றாள். தெரியாது என்றேன். நீங்கள் இளைத்துவிட்டீர்களா?

அவளுக்குச் சங்கடம் ஒன்றும் இல்லை. ஆகவே ஒதுங்குகிற பேச்சு வேண்டாம்.

வண்டியில் யாரும் கை வைக்கவில்லை.

அத்தை


மார்ச் 5

அன்புள்ள அத்தைக்கு,

இளைக்கவில்லை. பெல்ட்டில் ஒரு ஓட்டை கூடுதலாகப் போட்டேன், பெரிதாகும் பக்கம்.

உங்கள் எண்களைப் பார்த்தேன். பேட்டரி நோஞ்சான் என்றால் பட்டனை அழுத்தும்போது பத்துக்குக் கீழே விழுந்திருக்கும். விழவில்லை. அதாவது பேட்டரி கொடுக்கத் தயாராக இருக்கிறது, கரண்ட்தான் ஓடவில்லை. அதே நேரம் விளக்கும் மங்குகிறது என்றால், விளக்குக்கும் மோட்டாருக்கும் பொதுவான ஒரு வழியில் கோளாறு. எனக்குத் திரும்பி வருகிற வழி மேல்தான் சந்தேகம். பேட்டரியின் கறுப்பு வயர் எங்கே போகிறது என்று பாருங்கள். சீட்டுக்கு அடியில் ஃபிரேமோடு ஒரு போல்ட்டில் சேரும். அதுதான் எர்த். மோட்டார் வரை போன கரண்ட் எஞ்சின் இரும்பு, ஃபிரேம் இரும்பு, அந்த போல்ட் என்று வந்துதான் பேட்டரிக்குத் திரும்ப வேண்டும்.

மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் கறுப்பில் வையுங்கள். இன்னொன்றை எஞ்சின் இரும்பில், நன்றாகச் சுரண்டிவிட்டு. பட்டனை அழுத்துங்கள். பூஜ்யம், அல்லது அதற்குப் பக்கத்தில் காட்ட வேண்டும். அதிகம் காட்டினால் திருடன் அகப்பட்டான்.

அகப்பட்டால், காருக்குப் பேட்டரி கொடுக்கிற தடித்த கேபிளில் ஒன்றை எடுத்து, பேட்டரியின் கறுப்பிலிருந்து நேராக எஞ்சின் போல்ட் ஒன்றில் கவ்வ விடுங்கள். வண்டி நியூட்ரலில் இருக்கட்டும், பிரேக் பிடித்திருக்கட்டும், புடவை செயின் பக்கம் போகக் கூடாது. பிறகு பட்டன். அந்த எர்த் போல்ட்டையும் பார்த்து எப்படி இருக்கிறது என்று எழுதுங்கள்.

உங்கள் கடிதம் வந்த அன்று கிரேன் ஆபரேட்டர் ஒருவர், "வீட்டிலேர்ந்தா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

மாப்பிள்ளை


மார்ச் 13

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

ஒன்பது வோல்ட்! பூஜ்யம் காட்ட வேண்டிய இடத்தில் ஒன்பது! நம்பாமல் மறுபடி எஞ்சினைச் சுரண்டிப் பார்த்தேன், மறுபடியும் ஒன்பது.

கேபிளைக் கவ்வ விட்டுப் பட்டனை அழுத்தினேன். ஒரே அழுத்து, எழுந்துவிட்டது. நான் போட்ட கத்தலில் நான் விழுந்துவிட்டேன் என்று நினைத்துப் பாப்பா வாயில் பல் பிரஷ்ஷோடு ஓடி வந்தாள். மோட்டார் காலி என்று சொன்ன மகானைக் கூட்டி வந்து காட்ட வேண்டும் போல இருந்தது. கேபிளை எடுத்தால் பழையபடி 'டிக்'. கேபிளைத் தொங்கவிட்டுக்கொண்டே நர்சரி முழுக்க ஓட்ட முடியாது என்பதால் மேலே என்ன செய்ய வேண்டும் என்று சொல்லுங்கள்.

அந்த எர்த் போல்ட்டையும் பார்த்தேன். அங்கே ஒரு குறையும் இல்லை. துரு ஒரு பொட்டுக்கூடக் கிடையாது. போல்ட்டைச் சுற்றி, வயரின் வளையத்துக்கு அடியில் எல்லாம் பச்சைப் பசேல் என்று பளபளவென இருக்கிறது. ஆகவே கோளாறு வேறு எங்கேயோ இருக்க வேண்டும்.

இந்த வாரம் ஒரு பள்ளிக்கூடத்துக்கு மரக்கன்றுகள் போக வேண்டும். சீக்கிரம் எழுதுங்கள். கேட்க மறந்தேன், அந்த ஆபரேட்டர் யார்? நல்ல மனிதராகத் தெரிகிறார்.

அத்தை


மார்ச் 20

அன்புள்ள அத்தைக்கு,

கோளாறு அங்கேதான். பெயின்ட் கரண்டைக் கடத்தாது. போல்ட்டுக்கும் வயருக்கும் அடியில் எவ்வளவு பளபளப்போ அவ்வளவு அடைப்பு.

பேட்டரியில் கறுப்பு முனையைக் கழற்றிவிட்டு அந்த போல்ட்டைத் திறங்கள். பத்து நம்பர் ஸ்பானர். ஃபிரேமில் வளையம் உட்காரும் இடத்தையும் வளையத்தையும் உப்புத்தாளால் வெள்ளை இரும்பு தெரிகிற வரை தேயுங்கள். இறுக்கிய பிறகு மேலே கொஞ்சம் கிரீஸ் பூசுங்கள், துரு பிடிக்காது. அடியில் பூச வேண்டாம். எஞ்சினை ஃபிரேமோடு பிடிக்கிற போல்ட்டுகளையும் இதே மாதிரி பார்த்துவிடுங்கள்.

அத்தை, நான் விட்டுவந்த வண்டி சிவப்பு. யாரும் கை வைக்கவில்லை என்று எழுதினீர்கள். சீட்டுக்கு அடியில் பெயின்ட் போக வேண்டும் என்றால் வண்டியைப் பிரித்துப் போட்டுத்தான் அடித்திருக்க வேண்டும். முன்னால் நான் எழுதி வைத்திருந்த பெயரும் போயிருக்கும். யார் வருகிறார்கள் என்று அடித்தீர்கள் என்று நான் கேட்கவில்லை. புரிகிறது. நல்ல இடமாக இருக்கட்டும்.

புதிதாக ஒருவர் வரப்போகிற வீட்டில் என் கடிதங்கள் சீட்டின் மேல் விரிந்து கிடப்பது அழகில்லை. இனி வண்டிக்கு ஏதாவது வந்தால் உங்களுக்கே பார்க்கத் தெரியும். இதையே கடைசிக் கடிதமாக வைத்துக்கொள்வோம். முழங்காலைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அன்புடன்


மார்ச் 29

மாப்பிள்ளைக்கு,

வண்டி ஓடுகிறது. தேய்த்தேன், இறுக்கினேன், முதல் அழுத்தில் எழுந்தது. மரக்கன்றுகள் போய்ச் சேர்ந்தன. அந்தச் சந்தோஷத்தை உங்களோடு பங்கு போட முடியாமல் செய்துவிட்டீர்கள்.

கையெழுத்துகூடப் போடவில்லை நீங்கள். பரவாயில்லை, என் பங்குக்கு நான் உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். ஒரு பல் டாக்டர். நல்ல பையன், அவனுக்கும் முதல் கல்யாணம் முறிந்ததுதான். அவன் அம்மா வீட்டைப் பார்க்க வருவதாக இருந்தது. வண்டியின் நெற்றியில் வெள்ளை எழுத்தில் கொட்டையாக 'அத்தை எக்ஸ்பிரஸ்'. யார் எழுதினது என்று அந்தம்மா கேட்டால் என்ன சொல்வேன்? பாப்பா அழிக்கச் சொல்லவில்லை. நானாகப் பெயின்டரைக் கூப்பிட்டேன். பெயரை மட்டும் அழிச்சா அசிங்கமா இருக்கும், முழுசா அடிச்சிடலாம் என்றான் அவன். சரி என்றேன். மறைத்தது தப்புதான். தெரிந்தால் ஒதுங்கிவிடுவீர்கள் என்று மறைத்தேன். தெரிந்தது, ஒதுங்கிவிட்டீர்கள்.

ஒதுங்குவதில் உங்களை மிஞ்ச ஆள் இல்லை மாப்பிள்ளை. பாப்பாவிடமும் இதைத்தான் செய்தீர்கள். அவள் கத்துவாள், நீங்கள் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போவீர்கள். நின்று ஒரு வார்த்தை திருப்பிக் கத்தியிருந்தால்கூட அவளுக்கு ஆறுதலாக இருந்திருக்கும். வண்டி 'டிக்' என்றாலே எங்கே அடைப்பு என்று ஐந்நூறு மைல் தள்ளி உட்கார்ந்து கண்டுபிடிக்கிறீர்கள். மனுஷரிடம் மட்டும் ஏன் ஒரு கேள்வி கேட்க மாட்டேன் என்கிறீர்கள்?

பதில் போடுவதும் போடாததும் உங்கள் இஷ்டம். நான் கோபமாக இருக்கிறேன்.

அத்தை


ஆகஸ்ட் 17

அன்புள்ள அத்தைக்கு,

நீங்கள் எழுதியது உறைத்தது. பதில் எழுதி எழுதிக் கிழித்தேன். பிறகு ஜூனில் உங்கள் மகள் கல்யாணம் நல்லபடியாக நடந்தது என்று கேள்விப்பட்டேன். அந்த நேரத்தில் நடுவில் வர வேண்டாம் என்று இருந்துவிட்டேன். இதையும் ஒதுங்கல் என்றுதான் சொல்வீர்கள்.

இப்போது ஒரு காரியம். வீட்டிலேர்ந்தா என்று கேட்டாரே, அந்தக் கிரேன் ஆபரேட்டரின் தங்கை. நூலகத்தில் வேலை. நாங்கள் பேசிப் பார்த்தோம், இரண்டு பேருக்கும் பிடித்திருக்கிறது. ஆபரேட்டரும் அவர் மனைவியும் நேராகவே கேட்டார்கள், "முதல் கல்யாணம் ஏன் முறிஞ்சது? யாரைக் கேட்டா உண்மை தெரியும்?" என்று. நான் என்ன சொன்னாலும் என் பக்கத்து நியாயமாகத்தான் இருக்கும்.

உங்கள் விலாசத்தைக் கொடுத்துவிட்டேன்.

முதல் மனைவியின் அம்மாவிடமே போய் விசாரிப்பதா என்று அவர்கள் முழித்தார்கள். எனக்கும் கொடுத்த பிறகுதான் புத்தி வந்தது. உங்களைக் கேட்டுவிட்டுக் கொடுத்திருக்க வேண்டும். வருகிற ஞாயிற்றுக்கிழமைக்கு அடுத்த ஞாயிறு வருகிறார்கள். நல்லபடியாகச் சொல்லுங்கள் என்று கேட்கவில்லை. உள்ளதைச் சொல்லுங்கள், நான் வெளியே போனதையெல்லாம் சேர்த்து. என்னைத் தெரிந்த மனிதர் என்று வேறு யாரும் என் நினைவுக்கு வரவில்லை.

என் மேல் இன்னும் கோபமா? இது கேள்விதான். பதில் வேண்டும்.

மாப்பிள்ளை


செப்டம்பர் 4

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

கோபம் இருந்தது. உங்கள் கடிதத்தைப் பிரித்தபோது போய்விட்டது.

வந்தார்கள். பாப்பா அப்போது இங்கேதான் இருந்தாள். விஷயத்தைச் சொன்னபோது சிரித்தாள், பிறகு கொஞ்சம் அழுதாள். "எனக்காகக் கூட்டிக் குறைச்சுச் சொல்லாதேம்மா. என் பங்கையும் சொல்லு" என்று சொல்லிவிட்டுச் செடிகளுக்குத் தண்ணீர் விடப் போய்விட்டாள்.

ஆபரேட்டர் கூச்சத்தில் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார். பேசினது எல்லாம் அவர் மனைவிதான், கெட்டிக்காரி. நான் எதையும் மறைக்கவில்லை. "கோபம் வந்தா கத்த மாட்டார், கை ஓங்க மாட்டார். வாயை மூடிட்டு வெளியே போயிடுவார். நாலு நாள் கழிச்சு வந்து யாரும் கேக்காமலே ஃபேனை ரிப்பேர் பண்ணுவார். அவரைப் பொறுத்தவரைக்கும் அதுதான் மன்னிப்பு. எங்க பொண்ணுக்கு வாயால கேக்கணும். எங்க வீட்டு ஃபேன் எல்லாம் நல்லா ஓடுச்சு, கல்யாணம்தான் நின்னுபோச்சு" என்றேன்.

"அப்போ எங்க பொண்ணு என்ன பண்ணணும்?" என்றாள்.

"ஒரு நாள் பேசலைன்னா விட்டுடச் சொல்லுங்க. ரெண்டாம் நாள் வழியை மறிச்சு நின்னு கேக்கச் சொல்லுங்க. கேட்டா பதில் சொல்லுவார். இப்பல்லாம் அவரே கேள்வி கேக்கக் கத்துக்கிட்டிருக்கார்."

உங்களுக்குக் குடி இல்லை, பொய் இல்லை, யாரையும் இளக்காரமாகப் பேச மாட்டீர்கள் என்பதையும் சொன்னேன். அது புகழ்ச்சி இல்லை, உள்ளது. கான்டீன் சாப்பாட்டில் தொப்பை போட்டிருக்கிறது என்றும் சொன்னேன். அதை முன்பே பார்த்துவிட்டார்களாம்.

ஆபரேட்டர் முகம் தெளிந்துவிட்டது. ஆனால் அவர் மனைவி கிளம்பும்போது வாசலில் நின்றுவிட்டாள். "எல்லாம் சரிம்மா. தப்பா நினைக்காதீங்க. இப்ப நீங்க அவருக்கு என்ன வேணும்?" என்றாள்.

பாப்பா ஹோஸைக் கையில் பிடித்துக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உங்க பொண்ணுக்கு மாமியார் வேணும்" என்றேன்.

தேதி குறித்ததும் எழுதுங்கள். மாப்பிள்ளை வீட்டிலிருந்து இரண்டு பேர் வருகிறோம், நானும் பாப்பாவும்.

அத்தை